வீட்டிலும் வெளிநாட்டிலும் ருஷ்ய மொழி: புழங்கிக் கற்போம்

(ஜவ்வாது மலையில் நடைபெற்ற சங்க வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

ருஷ்ய மொழியைப் பற்றி ஜவ்வாது மலையில் பேசுவதா என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். சாமையும் புளியும் கடுக்காயும் தேனும் தரும் இந்த மலைக்கும், பனி உறையும் அந்த நாட்டின் மொழிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. இதே மலைத்தொடரில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், 1968-ஆம் ஆண்டு வானாய்வுப் பணி தொடங்கியது. 1972-இல் அன்றைய கிழக்கு ஜெர்மனியின் ஜேனா நகரில் செய்யப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. 1986-இல் நம் நாட்டிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கு இயங்கத் தொடங்கியது. செயற்கைக் கோள்களின் பாதையைப் பின்தொடரும் நிலையம் ஒன்றும் சோவியத் அறிவியலாரின் ஒத்துழைப்போடு அதே காவலூரில் இயங்கிற்று. நம் நாட்டின் முதற் செயற்கைக் கோளாகிய ஆரியபட்டா 1975 ஏப்ரல் 19-ஆம் நாள் சோவியத் மண்ணிலிருந்தே விண்ணேறியது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். உலகம் இம்மலையைத் தேடி வந்தது. அவ்வுலகத்தின் மொழிகள் மட்டும் நம் குடிசைகளுக்குள் வரவில்லை. அவற்றை அழைத்து வருவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சு.

தெரியாத மொழியில் இட்ட கையெழுத்து

முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுவோம். நம் பாட்டன்மார் கடன் பத்திரத்தில் பெருவிரல் ரேகையை வைத்தார்கள். அதில் எழுதியிருந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. எழுதத் தெரிந்தவன் நிலத்தை எடுத்துக்கொண்டான். எழுதத் தெரியாதவன் பண்ணையாள் ஆனான். அந்தக் காலம் போய்விட்டது என்று எண்ணுகிறோம். போகவில்லை; உருமாறி வந்திருக்கிறது.

2015 ஏப்ரல் 7-ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் மரம் வெட்டச் சென்றதாகக் கூறப்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் இம்மலைப் பகுதியைச் சேர்ந்தோரும் இருந்தனர். கூலி தருவதாகத் தரகன் அழைத்தால், போகுமிடமும் அவ்விடத்து மொழியும் அறியாமல் வண்டி ஏறுகிற நிலை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 2024-இல் வேறொரு செய்தி நாட்டை உலுக்கியது. உதவியாளர் வேலை, காவலாளி வேலை என்று சொல்லி இந்திய இளைஞர்களை ருஷ்யாவிற்கு அழைத்துச் சென்று, ருஷ்ய மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, போர்முனைக்கு அனுப்பிய தரகர்கள் மீது அவ்வாண்டு மார்ச்சில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. சிலர் உயிருடன் திரும்பவில்லை. படித்த பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். பெருவிரலுக்குப் பதில் பேனா வந்தது. ஆனால் படிக்க இயலாத தாளில் இடும் கையெழுத்தும் கைநாட்டே அல்லவா?

ஆகவே இளைஞர்களே, ருஷ்ய மொழி கற்பதை அழகுக் கல்வியாக நாம் உங்கள்முன் வைக்கவில்லை. தற்காப்பாகவும் முன்னேற்றப் படியாகவும் வைக்கிறோம். ஆண்டுதோறும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மருத்துவம் பயில அந்நாட்டிற்குச் செல்கிறார்கள். ருஷ்ய அரசு அயல்நாட்டு மாணவர்க்கெனக் கல்விக் கட்டணமின்றி ஒதுக்கும் இடங்களும் உண்டு. கூடங்குளத்தில் ருஷ்யப் பொறியியலாரோடு இணைந்து நடைபெறும் அணுமின் பணி 1988-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வேர் கொண்டது. அதற்கும் முன்பே, சோவியத் உதவியோடு எழுந்த நெய்வேலி அனல் மின் நிலையம் 1962-இல் மின்சாரம் தரத் தொடங்கிற்று. இத்தகைய வாயில்கள் திறக்கும்பொழுதெல்லாம் நம்மவர் மண் சுமக்கும் வேலைக்கு மட்டுமே நிற்பது போதாது.

மொழி யாருடைய சொத்து?

“நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே வரவில்லை, ருஷ்யமா வரும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் சொந்த வரலாற்றையே விடையாகக் கூறலாம்.

பழைய வடார்க்காட்டு மாவட்டத்தின் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கோலார் தங்க வயலுக்குச் சென்றார்கள். 2001-இல் அச்சுரங்கம் மூடப்படும்வரை தலைமுறை தலைமுறையாக நம்மவர் அங்கு மண்ணுக்கடியில் உழைத்தார்கள். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கும் கன்னடமும், வேலைத்தளத்தில் மேலாளரின் ஆங்கிலம் என்று பல மொழிகளை அவர்கள் வாயில் வைத்திருந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் போனவர் சிங்களம் பேசினார். மலேயாவின் ரப்பர்த் தோட்டத்திற்குப் போனவர் மலாய் பேசினார். அவர்களுக்கு இலக்கண நூல் யார் கொடுத்தார்? வகுப்பறை யார் கட்டிக் கொடுத்தார்? பசித்த வயிறும் பக்கத்து வீட்டாரின் பேச்சுமே ஆசிரியர்கள். மொழியைப் புழங்கிக் கற்கும் முறையை மேல்நாட்டார் இன்று ஒரு கல்வி முறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் முன்னோர் அதைத் தேவையால் கண்டுகொண்டார்கள். அவர்கள் நெருக்கடியால் செய்ததை நாம் திட்டமிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவே வேறுபாடு.

அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாதவர் என்பதால் அது மறுக்கப்பட்டது. பாரசீகத்தை எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அம்மனிதரே பின்னாளில் சமஸ்கிருதத்தைத் தாமே முயன்று கற்றார். ஜெர்மன் மொழியையும் கற்று, அந்நாட்டின் பான் பல்கலைக் கழகத்திலும் இடம் பெற்றார். ஒரு வாயிலை அடைத்தவர்கள் மொழிக்கே தாங்கள் காவலர் என்று எண்ணினார்கள். மொழி எவருடைய பரம்பரைச் சொத்தும் அன்று. அதை யார் புழங்குகிறாரோ அவருக்கே அது உரியது.

இன்னொரு சான்றும் கூறுவோம். ருஷ்யர்களும் தமிழை இவ்வாறே கற்றார்கள். கெராசிம் லெபெதெவ் என்னும் இசைக் கலைஞர் 1785-இல் சென்னைக்கு வந்து இரண்டாண்டு தங்கித் தமிழ் பயின்றார். பின்னர்க் கல்கத்தா சென்று வங்க மொழி கற்று, 1795-இல் அங்கு வங்க நாடகத்தையே மேடையேற்றினார். அலெக்சாந்தர் மெர்வார்த்தும் அவர் துணைவியார் லுத்மீலாவும் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் வாழ்ந்து மக்களோடு பழகினார்கள். மெர்வார்த் 1929-இல் வெளியிட்ட தமிழ் இலக்கணம், ஏட்டுத் தமிழுக்கன்று, பேச்சுத் தமிழுக்கு எழுதிய இலக்கணம் என்பது கருதத்தக்கது. 1963-இல் திருக்குறள் ருஷ்யத்தில் வெளிவந்தது. மாஸ்கோவில் பல்லாண்டு தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி 2020-இல் மறைந்தபோது தமிழுலகம் வருந்தியது. அவர்கள் நம் மொழிக்குள் வந்தார்கள் என்றால், அவர்கள் மொழிக்குள் நாம் செல்ல இயலாதா?

தமிழ் அறிந்தவர்க்கு ருஷ்யம் தூரமன்று

ருஷ்ய நெடுங்கணக்கில் 33 எழுத்துகளே உள்ளன. தமிழின் 247 எழுத்துகளைப் படித்த குழந்தைக்கு இது பெரிதன்று. சில எழுத்துகள் ஆங்கில வடிவில் இருந்து வேறு ஒலி தரும்: ‘எச்’ போன்ற வடிவம் ‘ந்’ என்றும், ‘சி’ போன்ற வடிவம் ‘ஸ்’ என்றும், ‘எக்ஸ்’ போன்ற வடிவம் ‘ஹ்’ என்றும் ஒலிக்கும். ஒரு வாரம் எழுதிப் பழகினால் இம்மயக்கம் தீரும்.

ஆங்கில வழியாக ருஷ்யம் படிப்பவன் இடறும் பல இடங்களில் தமிழன் இடறமாட்டான். ‘இது வீடு’ என்கிறோம். ருஷ்யர் ‘எத்தா தோம்’ என்கிறார்கள். ‘எத்தா’ இது; ‘தோம்’ வீடு. ஆங்கிலத்தைப்போல் இடையே ஒரு வினைச்சொல்லும் வேண்டுவதில்லை. பெயருக்கு முன் ஒட்டும் சிறு சொல்லும் வேண்டுவதில்லை. ‘எனக்குக் குளிர்கிறது’ என்கிறோம். அவர்கள் ‘ம்னே ஹோலத்னா’ என்கிறார்கள். ‘ம்னே’ என்றால் ‘எனக்கு’. ‘எனக்கு இருபது வயது’ என்பதை ‘ம்னே த்வாத்சத் லேத்’ என்கிறார்கள். அங்கும் ‘எனக்கு’ என்றே தொடங்குகிறது. ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்பதை ‘உ மினியா யேஸ்த் க்னீகா’ என்கிறார்கள். அங்கும் மனிதன் பொருளை ‘உடையவனாக’ நிற்பதில்லை. பொருள் அவனிடத்தில் இருக்கிறது. நம் இலக்கணம் எட்டு வேற்றுமை கூறும். அவர்கள் இலக்கணம் ஆறு கூறும். ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடும் அங்கு உண்டு. ‘தி’ என்பது நீ, ‘வி’ என்பது நீங்கள்.

பெயரிடும் முறையும் நமக்கு அணுக்கமானது. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைக்கிறோம். அவர்கள் தந்தை பெயரிலிருந்து ஒரு சொல்லை உண்டாக்கி நடுவே வைக்கிறார்கள். தல்ஸ்தோயின் முழுப்பெயர் லேவ் நிக்கலாயெவிச் தல்ஸ்தோய். நிக்கலாயின் மகன் என்பது அதன் பொருள். பெரியவர்களை அவர்தம் பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்து விளிப்பதே அங்கு மரியாதை. நரைத்த தலையையும் ‘நீ, வா, போ’ என்று சிறுவர்கள் அழைத்த கொடுமையைக் கண்ட சமுதாயம் நாம். ஆதலால் அயல்நாட்டின் மரியாதைச் சொற்களை முதற்பாடமாகப் படிப்பது நமக்குப் பொருத்தமாகும்.

கடினமான இடங்களும் உண்டு, மறைக்க வேண்டுவதில்லை. நம் மொழியில் உயிரற்ற பொருளுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. ருஷ்யத்தில் ரொட்டி ஆண்பால், தண்ணீர் பெண்பால், பால் இரண்டுமல்லாதது. ‘என் ரொட்டி, என் தண்ணீர், என் பால்’ என்பதை ‘மோய் ஹ்லேப், மயா வதா, மயோ மலகோ’ என்பார்கள். ‘என்’ என்னும் சொல் மூன்று வடிவம் கொள்வதைக் காண்கிறீர்கள். எனவே எந்தப் பொருட்பெயரையும் தனியே மனனம் செய்யாமல் ‘என்’ என்பதைச் சேர்த்தே சொல்லிப் பழக வேண்டும். வினைச்சொற்கள் இரட்டையாக வரும். ‘படித்தேன்’ என்பது ஒன்று, ‘படித்து முடித்துவிட்டேன்’ என்பது மற்றொன்று: ‘ச்சிதால்’, ‘ப்ரச்சிதால்’. நம் ‘விடு’ என்னும் துணைவினையை நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் நீங்கும்.

வீட்டில் செய்ய வேண்டுவன

ருஷ்ய மொழி கற்க மாஸ்கோவிற்குப் போக வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். வீட்டின் ஒரு மூலையை மாஸ்கோ ஆக்கலாம்.

முதலாவதாக, வீட்டிலுள்ள பொருள்களின்மீது அவற்றின் ருஷ்யப் பெயரை எழுதி ஒட்டுங்கள். உப்புப் பானையில் ‘ஸோல்’, தண்ணீர்க் குடத்தில் ‘வதா’, கதவில் ‘த்வேர்’, மேசையில் ‘ஸ்தோல்’. எடுக்கும்போதும் வைக்கும்போதும் வாய்விட்டுச் சொல்லுங்கள். படிக்காத தாயும் கேட்டுக்கேட்டு நான்கு சொல் கற்றுவிடுவார். பிள்ளை தவறினால் அவரே கேட்பார்.

இரண்டாவதாக, செய்கின்ற வேலையோடு மொழியைச் சேருங்கள். சாமை அளக்கும்போது படிக்கணக்கை ‘அதீன், த்வா, த்ரி, சித்தீரி, ப்யாத்’ என்று எண்ணுங்கள். மாடு ஓட்டும்போது ‘நான் போகிறேன், நீ போகிறாய், அவன் போகிறான்’ என்பதை ருஷ்யத்தில் சொல்லிக்கொண்டே நடங்கள். கை செய்யும் வேலையோடு சேர்ந்த சொல் எளிதில் மறக்காது.

மூன்றாவதாக, தனித்துப் படிக்காதீர்கள். ஐவர் சேர்ந்து ஒரு குழுவாகுங்கள். சங்கத்தின் படிப்பகத்தில் மாலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை தமிழ் பேசுவதில்லை என்று விதி செய்யுங்கள். முதல் மாதம் அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி மௌனமாகவே கழியும். அஞ்ச வேண்டாம். பேச வழியில்லாத மௌனமே சொல்லைத் தேடச் செய்யும். பிழையாகப் பேசுபவனைப் பார்த்துச் சிரிப்பதில்லை என்பதும் விதியாக இருக்கட்டும். நம்மைப் பிறர் சிரித்தது போதும். நாமே நம்மைச் சிரித்துக்கொள்ளலாகாது.

நான்காவதாக, இன்று ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கைப்பேசி உண்டு. அதன் மொழியை ருஷ்யத்திற்கு மாற்றுங்கள். குழந்தைகளுக்கான ருஷ்யக் கார்ட்டூன் படங்களைப் பாருங்கள். ஒரே படத்தைப் பத்துமுறை பாருங்கள். பத்துப் படத்தை ஒருமுறை பார்ப்பதைவிட அது பயன் தரும்.

ஐந்தாவதாக, படியுங்கள். அக்காலத்தில் ‘சோவியத் நாடு’ இதழின் வழவழப்பான தாள் நம் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டையாயிற்று. மாஸ்கோவில் தமிழிலேயே அச்சான நூல்களை நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் மலிவு விலையில் ஊர்தோறும் கொண்டுவந்தது. பூ. சோமசுந்தரம் போன்றோர் மாஸ்கோவில் தங்கி அம்மொழிபெயர்ப்புப் பணியைச் செய்தார்கள். அத்தகைய நூல்களுள் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியன்’ கதையை நம் இளைஞர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். கிர்கீசிய மலைக்கிராமம் ஒன்றில், அரைகுறை எழுத்தறிவே கொண்ட ஓர் இளைஞன் பாழடைந்த கொட்டகையைப் பள்ளியாக்கி ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் கதை அது. முதலில் தமிழில் படித்துக் கதையை உள்வாங்குங்கள். பிறகு அதன் ருஷ்யப் பதிப்பை எழுத்துக்கூட்டுங்கள். தெரிந்த கதை, தெரியாத மொழிக்குக் கைவிளக்கு.

தல்ஸ்தோயும் இங்கு நமக்கு உதவுவார். உழவர்கள் பண்ணையடிமைகளாக இருந்த அந்நாட்டில், அவ்வடிமை முறை 1861-இல் ஒழிவதற்கு முன்பே, 1859-இல் தம் ஊரில் உழவர் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார் அவர். அத்தகைய குழந்தைகளுக்காக 1872-இல் ஓர் அரிச்சுவடியும் எழுதினார். அதிலுள்ள சிறு சிறு கதைகள் எளிய சொற்களால் ஆனவை. அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு எழுதிய பாடநூல் நம் பிள்ளைகளுக்கும் பொருந்துமன்றோ?

சென்னைக் கஸ்தூரிரங்கன் சாலையிலுள்ள ருஷ்யக் கலாசார நிலையத்தில் மொழி வகுப்புகள் நடைபெறுகின்றன. கல்லூரிக்குச் சென்னை செல்லும் நம் பிள்ளைகள் அதைத் தேடிச் செல்ல வேண்டும். அயலார்க்கான ருஷ்ய மொழித் தேர்வு ஆறு படிகள் கொண்டது. முதலிரண்டு படிகளுக்கு உரிய அளவை ஊரிலிருந்தே எட்டிவிடலாம்.

வெளிநாட்டில் செய்ய வேண்டுவன

இனி, அந்நாட்டிற்குச் செல்வோர்க்குச் சில சொற்கள். 1960-இல் மாஸ்கோவில் நிறுவிய மக்கள் நட்புறவுப் பல்கலைக் கழகம் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாட்டு மாணவர்க்கு முதலாண்டு முழுவதும் மொழியே கற்பித்தது. பிறகே மருத்துவமும் பொறியியலும் கற்பித்தது. ஆயத்த ஆண்டு என்னும் இவ்வேற்பாடு இன்றும் அந்நாட்டுப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் உண்டு. ஓராண்டு வீணாகிறதே என்று அதைத் தவிர்க்க நினைக்காதீர்கள். அந்த ஓராண்டு மீதி ஆண்டுகளைக் காக்கும்.

மருத்துவம் பயில்வோர் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். நம் தேசிய மருத்துவ ஆணையம் 2021-இல் வகுத்த விதிப்படி, அயல்நாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதன்மேல் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். ‘ஆங்கில வழிதானே, ருஷ்யம் எதற்கு?’ என்று தரகர் கூறுவார். பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம். நோயாளி ஆங்கிலத்தில் இருமமாட்டார். மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் கிழவியிடம் ‘க்தே பலீத்?’, அதாவது ‘எங்கே வலிக்கிறது?’ என்று கேட்கத் தெரியாதவன், அவள் சொல்லும் விடை புரியாதவன், நோயைக் கற்பது எங்ஙனம்? கொட்டகையையும் காணியையும் அடகு வைத்து அனுப்பிய பெற்றோரின் பணம், கட்டிலின் அருகே சும்மா நிற்பதற்காகச் செலவாகலாகாது.

அங்கு சென்றதும் நம்மவர் நான்கு பேர் ஓரறையில் சேர்ந்து, தமிழிலேயே சமைத்துத் தமிழிலேயே உறங்கி ஆறாண்டைக் கழித்துவிடுவதுண்டு. குளிரும் தனிமையும் அவ்வாறு செய்யத் தூண்டும். ஆறுதலுக்கு அது வேண்டும். அதுவே வாழ்க்கையாகிவிடக் கூடாது. அறையில் ஒருவராவது வேற்று நாட்டினராக இருக்கும்படி கேட்டுப் பெறுங்கள். விடுதி வாயிலில் காவலிருக்கும் மூதாட்டி உங்கள் முதல் ஆசிரியை. தாமதமாக வந்தால் திட்டுவார். தொப்பியில்லாமல் வெளியே போனால் அதற்கும் திட்டுவார். அந்தத் திட்டு முழுதும் இலவசப் பாடம். அவர் பெயரையும் அவர் தந்தை பெயரையும் கேட்டறிந்து, அன்னா பெத்ரோவ்னா என்பதுபோல் முறையாக அழையுங்கள். பாட்டியின் முகம் மலரும், பேச்சும் வளரும். காய்கறி வாங்கப் பெருங்கடைக்குப் போனால் ஒரு சொல்லும் பேசாமல் எடுத்து வரலாம். ஆகையால் சந்தைக்குப் போங்கள். விலை கேளுங்கள், பேரம் பேசுங்கள்.

இறுதியாக ஒரு கட்டளை. அறிவுரை என்று சொல்லாமல் கட்டளை என்றே சொல்கிறோம். முழுதும் படித்துப் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். தரகன் அவசரப்படுத்தினால் அதுவே ஆபத்தின் அடையாளம். ‘யா நி பனிமாயு’, ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லுங்கள். வெளிநாடு செல்பவன் இத்தொடரை நன்றி கூறும் ‘ஸ்பசீபா’வுக்கும் முன்பாகக் கற்க வேண்டும். கடவுச்சீட்டை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள். இந்தியத் தூதரகத்தின் முகவரியை ருஷ்ய எழுத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருங்கள்.

அன்பர்களே! இச்சங்கம் தோன்றிய நாளில் நம் பிள்ளைகள் எழுத்தறிவு பெற்றால் போதும் என்று பெரியோர் எண்ணினார்கள். இன்று பட்டதாரிகள் இப்பந்தலில் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டிற்கு ஒரு வேலையை இளைஞர்களிடம் ஒப்படைக்கிறோம். ஒவ்வோர் ஊரிலும் ஐவர் குழு ஒன்று அமையட்டும். ஒரு குழு ருஷ்யம் கற்கட்டும், மற்றொன்று ஜெர்மன் கற்கட்டும், வேறொன்று பக்கத்திலுள்ள தெலுங்கைக் கற்கட்டும். கற்றவர் அடுத்த ஐவர்க்குக் கற்பிக்கட்டும். நம் ஊருக்கு எந்தத் தரகன் எந்த மொழித் தாளைக் கொண்டுவந்தாலும், அதை வாங்கிப் படித்து, ‘இதில் எழுதியிருப்பது இது’ என்று தாய்மார்களுக்கு உரக்கச் சொல்ல நம் பிள்ளை ஒருவன் அல்லது ஒருத்தி எழுந்து நிற்க வேண்டும். அந்த நாளே இச்சங்கம் தன் கடமையில் வென்ற நாள் எனக் கருதுவோம்.